பல்லி இல்லாத வீடு

அக்காவின் பிள்ளைக்கு இருபது நாள் ஆகியிருந்தபோது அதன் நெற்றியில் பல்லி விழுந்தது. பிள்ளை அழக்கூட இல்லை, அக்காதான் அலறினாள். அம்மா பிள்ளையைத் தூக்கிக் கழுவித் துடைத்துத் திருநீறு பூசினாள். அதோடு முடிந்திருக்க வேண்டியது, புளியந்தோப்பில் இருக்கும் அக்காவின் மாமியார் காது வரைக்கும் போய்விட்டது.

"பல்லி வுயற வூட்ல கொயந்தைய வெச்சிகினு இன்னா பண்ணிகினு கீறே? நாளைக்கே கெளம்பி வா" என்று போனிலேயே கத்தினார்.

அக்காவுக்கு ஆபரேஷன் செய்த பிரசவம். தையல் இன்னும் ஆறவில்லை. அவள் புகுந்த வீடு மூன்றாம் மாடியில். நான் போனைப் பிடுங்கி, "ஒரு வாரம் டைம் குடுங்க அத்தே, வூட்ல ஒரு பல்லி இல்லாம பண்ணிடறேன்" என்றேன்.

இப்படிச் சொல்லும் பழக்கம் எனக்கு உண்டு. அம்மாவும் அப்பாவும் பள்ளிக்கூடம் பக்கம் போனதில்லை. அக்காவை ஐந்தாவதோடு நிறுத்திவிட்டார்கள். நான் டிப்ளமோ முடித்து, கன்டெய்னர் யார்டில் வேலையும் வாங்கியிருந்தேன். கேஸ் புத்தகம் முதல் ரேஷன் கார்டு வரை எல்லாவற்றுக்கும் வீடு என் முகத்தைத்தான் பார்க்கும். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் வீடு திருவொற்றியூர் குப்பத்தில், கடலைத் தடுக்கக் கொட்டிய கருங்கல்லுக்கு இந்தப் பக்கம். ஒரே அறை, சமைக்க ஒரு சாய்ப்பு, மேலே ஷீட். பச்சைப்பிள்ளை இருப்பதால் மருந்து அடிக்க முடியாது. போனில் தேடித் தேடிப் படித்தேன். முட்டை ஓடு வைத்தால் பல்லி வராது என்று போட்டிருந்தது, வைத்தேன். இரண்டாம் நாள் ஒரு பல்லி அந்த ஓட்டின்மேலேயே உட்கார்ந்திருந்தது. புகையிலையையும் காப்பித்தூளையும் உருட்டி வைக்கச் சொன்னார்கள். அது விஷம், விட்டுவிட்டேன். பூண்டும் மிளகும் இடித்துக் கரைத்துச் சுவரெல்லாம் தெளித்தேன். பல்லிக்கு முன்னால் நாங்கள் தும்மினோம். எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று, "இன்னாபா, பல்லிக்கு ரசம் வெக்கிறியா? அப்டியே ஒரு அப்பளம் பொரிச்சிப் போடு" என்றாள்.

பிறகுதான் மூளையைப் பயன்படுத்தினேன். பல்லி பூச்சிக்கு வருகிறது. பூச்சி வெளிச்சத்துக்கு வருகிறது. ஈ கருவாட்டுக்கு வருகிறது. அம்மாவின் கருவாட்டுச் சாக்கைத் தெருக்கோடிக்கு மாற்றினேன். டியூப் லைட்டைக் கழற்றி வாசலுக்கு வெளியே தள்ளி மாட்டினேன். கூரைமேல் சாய்ந்திருந்த முருங்கைக் கிளையை வெட்டினேன். வாசல் துளசித் தொட்டியைச் சுவரிலிருந்து நகர்த்தினேன். ஷீட்டுக்கும் சுவருக்கும் இடையிலிருந்த சந்துகளைச் சிமெண்ட் வைத்து அடைத்தேன். ஜன்னலுக்குக் கொசுவலை. உள்ளே மாட்டிக்கொண்ட பல்லிகளைப் பிளாஸ்டிக் டப்பாவால் மூடி, அடியில் அட்டையைச் சொருகி, ரயில் பாதைப் பக்கத்துப் புதரில் கொண்டுபோய் விட்டேன். பதினோரு பல்லிகள். ஒன்றையும் கொல்லவில்லை என்பதில் எனக்குப் பெருமை.

அப்பா மட்டும் ஒருநாள் கேட்டார். "அது இன்னாடா பண்ணிச்சி உன்னிய? அது பாட்டுக்கு கீது."

"கொயந்த மேல வுயுது நைனா."

அவர் அம்மன் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே போனார்.

அம்மன் படத்துக்குப் பின்னால் ஒரு பருத்த பல்லி இருந்தது. அதை அப்பா கடலுக்குப் போயிருந்த நேரத்தில்தான் பிடித்தேன். வேண்டுமென்றேதான் அந்த நேரத்தைப் பார்த்தேன். ஏனென்றால் அப்பா சகுனம் கேட்பது அந்தப் பல்லியிடம்.

எங்கள் குப்பத்தில் இது உண்டு. விடியலில் கூட்டாளிகள் வந்து கூப்பிடும்போது, வாசற்படி தாண்டுவதற்குள் வீட்டுப் பல்லி எதிர்ப்பக்கமிருந்து கத்தினால் அந்த ஆள் அன்று கடலுக்குப் போகமாட்டான். "கவுளி சொல்லிடிச்சி" என்றால் போதும், யாரும் மறுவார்த்தை பேசமாட்டார்கள். படகில் அவன் இடம் அவனுக்கே இருக்கும். உடம்பு சரியில்லை என்று நாலு நாள் நின்றால் கதை வேறு. "வயசாயிடிச்சி, எடத்த வுடு" என்று இளவட்டம் ஒருத்தனை ஏற்றிக்கொள்வார்கள். அப்பா போவது ஆறு பேர் போகும் ஃபைபர் படகு. கையிழுப்பில்தான் வலை ஏறும். இடம் போனால் போனதுதான்.

முன்பெல்லாம் அப்பாவுக்குப் பல்லி எப்போதாவது சொல்லும். அந்த வருடம் வாரத்துக்கு இரண்டு முறை சொன்னது, சில வாரம் மூன்று முறை. வயதாக ஆக மூடநம்பிக்கை முற்றுகிறது என்று நினைத்தேன். பல்லி போனால் அதுவும் போகும் என்று ஒரு கணக்கு எனக்குள் இருந்தது.

ஒரு வாரம் என்றது பத்து நாள் ஆனது. பத்தாம் நாள் ஒரு பல்லிகூட இல்லை. அக்கா இங்கேயே இருந்தாள். தெருவில் இருந்து பெண்கள் வந்து கேட்டுப் போனார்கள். எதிர்வீட்டு அக்காவின் சமையலறைக்கும் நான்தான் சந்து அடைத்துக் கொடுத்தேன். டீக்கடையில் போட்டுக்காரர், அதாவது அப்பா போகும் படகின் சொந்தக்காரர், பக்கத்தில் இருந்தார். அவர் கேட்காமலேயே சொன்னேன்: "எங்க வூட்ல வந்து தேடிப் பாருங்க மாமா. ஒண்ணு காட்டுங்க பாக்கலாம்."

மூன்று நாள் கழித்து, விடியலில் அவர் எங்கள் வாசலில் நின்று கூப்பிட்டார். பின்னால் மற்ற நான்கு பேர். நான் முதல் ஷிப்டுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். அப்பா படுக்கையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார். எழுந்து வாசல்வரை போனார்.

"நீங்க போங்கபா. கவுளி சொல்லிடிச்சி."

போட்டுக்காரர் திட்டக்கூட இல்லை. சிரித்தபடிதான் கேட்டார். "எந்தக் கவுளி மச்சான்? உன் புள்ள ஒண்ணு வுடாம ஓட்டிட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிகினு கீறான். பக்கத்து வூட்டுக் கவுளி கூவுச்சா?"

பின்னால் ஒருவன், "போன்ல பேசிக்கும் மாமு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் ஏதுமில்லாத பார்வை. சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு அவர்களோடு நடந்தார்.

அவர்கள் தெருமுனை தாண்டியதும் அம்மா சொன்னாள். "இன்னா காரியம்டா பண்ணிட்டே."

"ஏம்மா, ஒரு வாட்டியாவது சகுனம் பாக்காம போனாரே."

"அது கத்தவே இல்லடா. எந்த நாளும் கத்துல. உங்க நைனாதான் கத்துச்சின்னு சொல்லும்." அவள் தன் இடது தோளிலிருந்து கைவரை தடவிக் காட்டினாள். "இங்கருந்து இங்க வரிக்கும் இஸ்துகினு போவுதாம். மார்ல யாரோ கல்ல வெச்சா மாரி கீதாம். அன்னிக்கெல்லாம் தான் கவுளி."

"எத்தினி நாளா?"

"போன வருசம் ஆடிக்கு மின்னாலருந்து."

எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் நீ ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போவாய், அங்கே நம்ம ஆள் யாராவது பார்த்துவிடுவான், படகில் இடம் போய்விடும் என்றாராம்.

அன்று மாலை கேட்டேன், மறுநாளும் கேட்டேன். லீவு போட்டுக்கொண்டு நின்றேன். "வாய்வுதான், போடா" என்று பூண்டை மென்றுகொண்டு போனார். போட்டுக்காரரிடம் நானே பேசுகிறேன் என்றதற்கு, அப்பா முதல்முறையாக என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். நான்கு வாரம் ஒருநாள்கூட நிற்காமல் கடலுக்குப் போனார். நிற்பதற்கு அவரிடம் வார்த்தை இல்லை.

ஐந்தாம் வாரம், வலை இழுக்கும்போது படகிலேயே சாய்ந்துவிட்டார். கரைக்குக் கொண்டுவந்ததும் நானும் அம்மாவும் ஓடிப்போய் ஆட்டோவில் ஏற்றினோம். எண்ணூர் சாலையில் ஹார்பர் கேட்டுக்குக் காத்துக் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. அந்த வரிசையில் எங்கள் யார்டு வண்டிகளும் நின்றிருக்கும். நான் இறங்கி ஒவ்வொரு லாரி டிரைவரிடமும் கெஞ்சிக் கொஞ்சம் கொஞ்சமாக வழி வாங்கினேன். ஆட்டோவில் அப்பாவைத் தோளில் தாங்கிக்கொண்டு வந்தவர் போட்டுக்காரர்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர், பெண், வேகவேகமாகப் பார்த்தார். அப்பா முகம் உப்புப் பூத்து வெளுத்திருந்தது. நினைவு இருந்தது.

"இந்த வலி எத்தனை நாளா இருக்கு?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்ற போட்டுக்காரரைப் பார்த்தார்.

"இன்னிக்கித்தான் டாக்டரம்மா. காலைல லேசா."

டாக்டர் எழுதப்போனார்.

"இல்ல மேடம்" என்றேன். "ஒரு வருஷத்துக்கு மேல. இடது கை முழுக்க இழுக்கும். வாரத்துக்கு ரெண்டு மூணு நாள் எழுந்திருக்கவே முடியாது."

டாக்டர் நிமிர்ந்து இன்னும் நிறையக் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததை அம்மா சொன்னாள். அந்த நேரமெல்லாம் அப்பா கண்ணை மூடியிருந்தார். போட்டுக்காரர் கால்மாட்டிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்ததும் என் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "பாத்துக்கோபா" என்று போனார். கெட்டவர் இல்லை. ஆறு பேர் போகவேண்டிய படகு அது.

அப்பா பிழைத்தார். பாரம் தூக்கக்கூடாது, இழுக்கக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். அதைப் படித்துச் சொன்னவனும் நானே. நாங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்கு முன்பே அந்தப் படகில் ஆறாவது ஆள் ஏறியிருந்தான். மூன்று வீடு தள்ளி இருக்கும் பையன். விடியலில் அவனைக் கூப்பிட வருகிறவர்கள் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். அந்த இடம் வந்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டு போகிறார்கள். அப்பா தூங்கட்டும் என்று. அப்பா தூங்குவதில்லை.