ஏழாவது முருகன்

வீடியோ கேம்களுக்குப் பின்னணிப் படம் வரைவது என் பிழைப்பு. புள்ளி புள்ளியாக வைத்து வரைய வேண்டும். ஒழுங்காக ஒரு கோலம் போடத் தெரியாத எனக்கு இது வாய்த்ததில் அம்மாவுக்கு இன்றும் ஆச்சரியம். சூட்சுமம் பெரிதாக ஒன்றுமில்லை. பஸ்ஸில் போகும்போது பக்கத்து மதில் பறக்கும், தூரத்து மரம் நிதானமாக நகரும், நிலா கூடவே வரும். அதே மாதிரி படத்தை நாலைந்து அடுக்காக வரைந்து, முன்னடுக்கை வேகமாகவும் பின்னடுக்கை மெதுவாகவும் ஓடவிட வேண்டும்.

சமீபத்தில் வரைந்த விளையாட்டில் ஒரு பெண் பால் பாக்கெட்டோடு நிற்காமல் ஓடுவாள். தெருவில் தோண்டிப்போட்ட பள்ளம் வந்தால் நாம் பொத்தானை அழுத்தித் தாவவைக்க வேண்டும். டெல்லியில் பள்ளத்துக்கா பஞ்சம்! முன்னடுக்கில் எங்கள் ஆர்.கே.புரம் குடியிருப்பின் மதிலும் வேப்பமரங்களும் வைத்தேன். நடு அடுக்கில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகள், அவற்றுக்கிடையே குன்றின் மேல் எங்கள் முருகன் கோயில். கோபுரத்தில் வெயில் ஒரு பக்கம், நிழல் ஒரு பக்கம் என்று இழைத்து இழைத்து வரைந்திருந்தேன்.

எங்கள் குழுத் தலைவர் டெல்லிக்காரர். எல்லாம் அச்சா, கோயிலை மட்டும் எடுத்துவிடு என்றார். அந்த அடுக்கு ஒரு நீளப் பட்டை. முடிந்ததும் முதலிலிருந்து வரும். தொட்டி திரும்ப வந்தால் யாருக்கும் தெரியாது, கோயில் திரும்ப வந்தால் குட்டு உடைந்துவிடுமாம். எனக்குச் சுள்ளென்று வந்தது. பள்ளத்தைப் பார்த்து ஓடுகிறவர்கள் கோயிலையா எண்ணுவார்கள்? நிரூபித்துக் காட்டுகிறேன் என்று வீட்டுக்கு வந்து அம்மாவை லேப்டாப் முன் உட்காரவைத்தேன்.

முதல் பள்ளத்தை அம்மா ஜோராகத் தாண்டினாள். கோயில் வந்தது. "முருகா!" என்று இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பால்காரப் பெண் பள்ளத்தில் விழுந்தாள்.

"பொத்தான்லேர்ந்து கையை எடுக்காதம்மா!"

"சாமி வரும்போது கும்பிடாம எப்படிட்டி இருக்கது?"

டெல்லிக்கு வந்து எத்தனையோ வருஷமாகியும் அம்மாவின் திருநெல்வேலி பேச்சு அப்படியே இருக்கிறது, கன்னத்தில் போட்டுக்கொள்வதும்தான். மறுபடி ஆரம்பித்தோம். சில முறை பள்ளம் தள்ளி இருந்ததால் பெண் பிழைத்தாள். கொஞ்ச தூரத்தில் அதே கோயில் மீண்டும் வந்தது. கடைசியில் அம்மா கையை உதறினாள்.

"ஏட்டி, இது ஏழாவது முருகன். அறுபடை வீடுன்னாலும் ஆறோட நிக்கணும்லா?"

சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் தலைவர் சொன்னது சரியாகிவிட்டதே என்று எரிச்சல். துணி எடுக்கிற சாக்கில் மாடிக்குப் போனேன். கொடியை ஒட்டி நடந்துகொண்டே துணிகளை உருவினேன். எதிர்க் கட்டடத்துத் தொட்டிகள் பின்னால் நகர்ந்தன; அவற்றுக்கும் அப்பால் கோயில் இருந்த இடத்திலேயே இருந்தது. அசடு, முருகனை நடு அடுக்கில் கொண்டுபோய் நிறுத்தினது யார்?

கடைசி அடுக்கில், வானத்தோடு வைத்தேன். அது நகர்வதே தெரியாது, திரும்பவும் வராது. ஆட்டம் முழுக்க ஒரே கோயில். ஆனால் டெல்லிப் புகையில் அவ்வளவு தூரத்துக்கு வெயிலேது, நிழலேது? இழைத்ததையெல்லாம் வயிறெரிய அழித்தேன். மிஞ்சியது ஒரு கைப்பிடி சாம்பல்நிறப் புள்ளிகள்.

"குன்றின் மேல் தண்ணீர்த் தொட்டியா? நன்றாக இருக்கிறது" என்று தலைவர் சம்மதித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மாவுக்கும் அது தொட்டியாகத் தெரிந்தால் கோயிலை நானே எடுத்துவிட்ட மாதிரிதானே?

கோயில் எங்கே என்று சொல்லாமல் லேப்டாப்பை அம்மா முன் வைத்தேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அதன்பின் பொத்தானிலிருந்து கையை எடுக்கவில்லை. பள்ளம் பள்ளமாகத் தாண்டிக்கொண்டே போய், ஓரிடத்தில் தவறி விழுந்தாள்.

"ஐயோ! முருகன் கைவிட்டுட்டாரா?" என்றேன்.

"அவரு அங்கனதாம்ட்டி நிக்காரு. நாந்தான் தாவல. ஜல்தி, இன்னொரு தடவ போடு."