அம்மா கேட்காத யோசனை

என் கையெழுத்து கோணலாக இருக்கும். பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு மாட்டுக்குப் பின்னால் போனவன் நான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்ரீரங்கத்தில் வீடு வீடாக மாட்டை ஓட்டிப்போய் வாசலிலேயே பால் கறந்து கொடுப்பது எங்கள் பிழைப்பு. நான் கறப்பேன், அம்மா கன்றைப் பிடித்துக்கொள்வாள். பேச்செல்லாம் அம்மாதான். வாடிக்கைக்காரர்களின் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வராது.

தம்பி பட்டாளத்தில் இருந்தான். அறுபத்திரண்டில் சீனாவோடு சண்டை வந்தபோது வடக்கே பனிமலைக்கு அனுப்பினார்கள். 'காணவில்லை' என்று தந்தி வந்தது. பிடிபட்டவர்கள் மறு வருஷம் திரும்பினார்கள். அவன் வரவில்லை.

செத்த நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசையில் எள்ளும் தண்ணீரும் விடலாம் என்று காவிரிக்கரைப் புரோகிதர் சொன்னார். அம்மாவிடம் சொன்னேன்.

"உசுரோட இருக்கிறவனுக்கா எள்ளு இறைக்கச் சொல்றே?" என்றாள்.

அதன் பிறகு நான் வாய் திறக்கவில்லை. ஆனால் தம்பி தாகத்தோடு அலைகிறான் என்ற நினைப்பு பால் கறக்கும்போதுகூட என்னை விடவில்லை.

அந்தச் சமயம் சித்திரை வீதியில் ஒருவர் டெல்லி உத்தியோகத்தை விட்டுவிட்டு வந்து குடியேறினார். எல்லையில் எங்கே ஆபத்து, என்ன செய்யலாம் என்று மந்திரிகளுக்கு யோசனை சொல்வது அவர் வேலையாக இருந்ததாம். பால் வாங்கச் செம்போடு அவரே வாசலுக்கு வருவார்.

"ஏம்மா, இதிலே பால் எவ்வளவு, காவேரி எவ்வளவு?"

"உங்க கண்ணு முன்னாடிதானே கறக்குது சாமி. காவேரி வேணும்னா நீங்களே போய் மொண்டுக்குங்க."

அவர் சிரிப்பார்.

ஒரு நாள் அம்மா கன்றை ஓட்டிக்கொண்டு முன்னால் போனதும், தலையைக் குனிந்தபடியே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நான் சொன்னா அம்மா கேக்காது சாமி. மந்திரிக்கே சொன்னவங்க நீங்க. நீங்க சொன்னா கேக்கும்."

தம்பியின் பட்டாளம் எங்கே இருந்தது என்று விசாரித்தார். சொன்னேன். "நாளைக்குச் சொல்றேன்" என்றார்.

மறுநாள் பால் வாங்கிய பிறகும் உள்ளே போகாமல் நின்றார்.

"அம்மா, அந்த மலையிலே காணாமப் போனவா இனிமே திரும்ப மாட்டா. பிள்ளைக்குச் செய்ய வேண்டியதைச் செஞ்சுடுங்கோ."

அம்மா கன்றின் கயிற்றை விடவில்லை.

"அங்க அவ்வளவு குளிரும்னு உங்களுக்குத் தெரியுமா சாமி?"

"தெரியும்."

"பெரியவங்ககிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். இந்த மெல்லிசுத் துணியோட அனுப்பாதீங்கோன்னு சொன்னேன். சொல்றது மட்டும்தான் என் வேலை. முடிவு அவாளோடது."

"கேட்டாங்களா?"

"கேக்கலை."

"அப்ப நான் மட்டும் ஏன் கேக்கணும்?"

அம்மா கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குக் கன்றை இழுத்துக்கொண்டு போனாள். அவர் செம்பைப் பிடித்தபடி நின்றார். நுரை அடங்கிவிட்டது. மறுநாளிலிருந்து பால் வாங்க அவர் மனைவிதான் வந்தார்.

அம்மா சாகும்வரை தம்பிக்கென்று என்னை எள்ளைத் தொட விடவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோதும், "தம்பி வந்தா கறக்க விடாதே. அவனை மாடு உதைக்கும்" என்றாள். சரி என்று தலையாட்டினேன்.

அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. இன்று படித்துறையில் அவளுக்குத் தண்ணீர் விட்டேன். "வேற யாராச்சும் உண்டா?" என்று புரோகிதர் கேட்டார். சுற்றிலும் கூட்டம். தம்பி பெயரைச் சொன்னேன். "கேக்கலை, சத்தமாச் சொல்லுங்க" என்றார்.

சத்தமாகச் சொன்னேன். எள் விரல்களில் ஒட்டிக்கொண்டது. மறுபடி மறுபடி தண்ணீர் விட்டேன்.

தை அமாவாசை, 1969.