மேற்படி தாய்மாமன்

என் மேசை இழுப்பறையில் அட்டை கிழிந்த நாவல் ஒன்று கிடக்கிறது. அறுபதாம் பக்கத்தில் அடையாளத்துக்குச் செருகிய கேட் பாஸ் துண்டு. அதன் ஓரத்தில் கிரீஸ் படிந்த கட்டைவிரல் ரேகை. டிரெய்லர் லாரி ஓட்டும் பையன் ஒருவனுடைய புத்தகம் அது; தம்பி என்றுதான் அவனைக் கூப்பிடுவேன். துறைமுக வாசலில் லாரிகள் மணிக்கணக்காக வரிசையில் நிற்கும்போது மற்ற ஓட்டுநர்கள் தூங்குவார்கள். இவன் ஸ்டியரிங்கில் புத்தகத்தைச் சாய்த்துப் படிப்பான். உள்ளே விடுவதற்கான பாஸ் கொண்டுபோகும் என்னை, "ரெண்டு பக்கந்தான் அண்ணாச்சி, இருங்க" என்று வெயிலில் நிறுத்திவைப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் இருபது வருடமாகக் கடிதம் எழுதுகிறவன் நான். சரக்கு நனைந்தால் ஒரு கடிதம், பெட்டி நசுங்கினால் ஒரு கடிதம். எழுத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற மிதப்பு வேறு. அந்த மிதப்பில்தான் விளாத்திகுளத்திலிருக்கும் தங்கைக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினேன்.

அவள் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தாள். தாய்மாமன் நான் ஒருவன்தான். என் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். அன்று காலை ஒரு கப்பலின் காகிதங்களில் தகராறு. 'இதோ கிளம்பிட்டேன்' என்று போனில் சொல்லிச் சொல்லியே நல்ல நேரத்தைத் தாண்டவிட்டேன். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய பிள்ளை அங்கே காத்திருந்தது. வேறு யார் மடியிலும் வைக்க மாட்டேன் என்று தங்கை ஆசாரியைத் திருப்பி அனுப்பிவிட்டாள். அதன்பிறகு என் போனை அவள் எடுக்கவேயில்லை.

'மேற்படி விழாவில் கலந்துகொள்ள இயலாமைக்கு வருந்துகிறேன்' என்று எழுதிப் போட்டேன். பதில் இல்லை. அதற்கு நகல்கூட எடுத்து வைத்திருந்தேன் என்றால் பாருங்களேன்! அந்த நகல் பாஸ் கட்டோடு கலந்து தம்பி கைக்குப் போய்விட்டது.

"அண்ணாச்சி, கூடப்பொறந்தவளுக்கா இது? கஸ்டம்ஸுக்கு எழுதுன மாதிரில்லா இருக்கு."

"ஏலே, ஒஞ் சோலியப் பாரு" என்று பிடுங்கிக்கொண்டேன். ஆனால் சுருக்கென்று தைத்துவிட்டது.

மறுவாரம் வெட்கத்தை விட்டு, படிக்க ஏதாவது தரச் சொல்லி அவனிடமே கேட்டேன். படித்துக்கொண்டிருந்ததையே நீட்டினான். அதில் நண்பனுக்குத் துரோகம் செய்த ஒருவன் அந்த நண்பன் வீட்டு வாசல்வரை வருகிறான். செருப்பைக் கழற்றுகிறான். மறுபடி மாட்டிக்கொண்டு போய்விடுகிறான். வருத்தம் என்ற சொல்லே அங்கே இல்லை. பேருந்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை முடித்து இன்னொன்று, பிறகு இன்னொன்று என்று ஒரு வருடம் படித்தேன். என் பழைய கடிதங்களைப் பார்க்க எனக்கே கூச்சமாகிவிட்டது.

பிறகு தங்கைக்கு மறுபடி எழுதினேன். 'ஏளா, பிள்ளைக்கு எடுத்த பட்டுப்பாவாடை அன்றைக்கு என் நாற்காலிக்கடியில்தான் இருந்தது. காலில் இடறிக்கொண்டே இருந்தது. அப்படியும் நான் எழுந்திருக்கவில்லை. கப்பல்காரன் கோபத்துக்குப் பயந்தேன். நீதானே, பிறகு சமாதானம் செய்துகொள்ளலாம் என்று நினைத்துவிட்டேன்.' இதற்கு நகல் எடுக்கவில்லை.

நாலாம் நாள் போன் வந்தது. "அண்ணே, பிள்ள காது இன்னும் மூளியாத்தான் கெடக்கு. அந்தப் பாவாட இனி பத்தாது. பெருசா எடுத்துட்டு வா."

வருகிற ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. லீவு கடிதம் கொடுத்தாயிற்று. அதை மட்டும் மேற்படி பாஷையிலேயே எழுதினேன். தம்பியின் வண்டி இப்போது வாசலில் நிற்கிறது. நாவலைத் திருப்பிக் கொடுக்க எடுத்துக்கொண்டேன். அறுபதாம் பக்கத்தில், அவன் துண்டுக்குப் பக்கத்தில், காதுகுத்து அழைப்புப் பத்திரிகையைச் செருகியிருக்கிறேன்.