கணீர் கோமாவில் விழுந்த கதை

நாடகக் கம்பெனியில் சேர்ந்த முதல் வருடமே அவருக்குக் கணீர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. மேடையில் மைக் படுத்துவிட்டால் மற்ற நடிகர்கள் திருதிருவென்று முழிப்பார்கள். அவர் மட்டும் ஒன்றுமே நடக்காதது போல வசனத்தைத் தொடருவார். கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கூடத் திடுக்கிட்டு எழுந்து உட்காருவார்.

அதே கம்பெனியில் தனக்கு அம்மாவாக நடித்த பெண்ணைத்தான் அவர் கல்யாணம் செய்துகொண்டார். உண்மையில் அவள் அவரைவிட நான்கு வயது சின்னவள். முகத்தில் இரண்டு கோடு இழுத்து, தலையில் கொஞ்சம் பவுடரைத் தட்டி, தோளை லேசாகத் தொங்கவிட்டால் போதும், எழுபது வயது வந்து அவள்மேல் உட்கார்ந்துகொள்ளும். "நேத்து வரைக்கும் மகனேன்னு கூப்பிட்டவளை இன்னைக்கு எந்த வாயால பெண்டாட்டின்னு சொல்லுவே?" என்று கம்பெனியே கேலி செய்தது. அவர் அவளை இன்றும் "ஏம்மா" என்றுதான் கூப்பிடுகிறார்.

மகள் பிறந்ததும் அவள் மேடையை விட்டாள். ஒருவர் ஊர் சுற்றினால் இன்னொருவர் வீட்டில் இருந்தாக வேண்டும் என்று இருவரும் பேசி முடிவெடுத்ததாக அவர் எல்லோரிடமும் சொல்வார். பேசியது அவர், முடிவெடுத்ததும் அவர். அவள் ஒரு மருத்துவமனையின் வரவேற்பு மேஜையில் வேலைக்குச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தாள்.

நாடகத்துக்குக் கூட்டம் குறைந்தபோது கணீர் சினிமாவுக்குப் போனார். அங்கே அவரை நீதிபதியாக்கினார்கள், போலீஸ் அதிகாரியாக்கினார்கள், "இருபத்து நாலு மணி நேரம் போனாதான் எதையும் சொல்ல முடியும்" என்று கண்ணாடியைக் கழற்றும் டாக்டராக்கினார்கள். பத்து வருடம் அப்படிப் போனது. அப்புறம்தான் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் பெரிய குடும்பத்தின் அப்பா வேடம் கிடைத்தது. கடைவீதியில் முன்பின் தெரியாதவர்கள் "அப்பா, அந்த ரெண்டாவது மருமகளை நம்பாதீங்க" என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். மனிதர் தரையில் நடக்கவில்லை.

ஆனால் தொடரில் குரலைக் குறைக்கச் சொன்னார்கள். மைக் சட்டைக்குள்ளேயே இருக்கிறது சார், மெதுவாகப் பேசினால் போதும் என்று ஒலிப்பதிவாளர் தினமும் கெஞ்சினார். அவரும் முயன்றார், இரண்டாவது வாக்கியத்தில் பழைய குரல் வந்துவிடும். அதோடு, வசனத்தில் குறை கண்டுபிடிக்கும் பழக்கமும் அவருக்கு இருந்தது. ஒருநாள், மருமகளிடம் அப்பா மன்னிப்புக் கேட்கிற காட்சி. தாளைப் படித்ததும் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"எந்த அப்பன்யா இப்படிப் பேசுவான்? எழுதுனவருக்கு அப்பா இருந்தாரா இல்லையா?"

அது பக்கத்துத் தளத்தில் வேறு படப்பிடிப்பில் இருந்தவர்களுக்கும் கேட்டது. எழுத்தாளர் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். அவருக்குச் சின்ன வயதிலேயே அப்பா தவறிவிட்டார் என்பது அப்போது கணீருக்குத் தெரியாது.

"சரிங்க சார், பாக்கறேன்" என்றார் அவர்.

அடுத்த வாரம் வந்த தாளில் அப்பா மாடிப்படியில் உருண்டு விழுந்தார். கோமா.

முதல் சில நாள் கணீர் அதை ஓய்வாக எடுத்துக்கொண்டார். மருத்துவமனை அறை போல் போட்ட அரங்கில் மெத்தென்று ஒரு கட்டில், மூக்கில் ஒரு குழாய், பேசாத இயந்திரம் ஒன்று. குடும்பம் சுற்றி நின்று அழும்; அவர் கண்ணை மூடிக் கிடப்பார். இரண்டாவது வாரம் நிஜமாகவே தூங்கிப்போனார். "சார், கோமால இருக்கறவர் குறட்டை விடக் கூடாது" என்று உதவி இயக்குநர் வந்து எழுப்பினாள். தளமே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் மட்டும், "என்னைக் கட்டிலோட கட்டிப்போட்டுட்டாங்கம்மா" என்றார்.

"வாயைக் கொடுத்தீங்க, மாட்டிக்கிட்டீங்க. போய் அந்த எழுத்தாளர்கிட்ட ஒரு வார்த்தை பேசுங்க."

"நானா?"

"கோமாவுல இருக்கறவர் எப்படிப் பேசுவாருன்னு கேக்கறீங்களா?" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

ஒருநாள் காலை அவர் ரத்த அழுத்த மாத்திரையை மறந்துவிட்டுப் போக, அவள் அதை எடுத்துக்கொண்டு படப்பிடிப்புக்கு வந்தாள். அன்று அப்பாவின் அக்கா வெளியூரிலிருந்து வந்து தம்பியைப் பார்க்கிற காட்சி. அக்காவாக நடிக்க வேண்டியவர் வேறொரு படப்பிடிப்பில் சிக்கிக்கொண்டார், வர முடியாது என்று போன் வந்தது. இயக்குநர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். கட்டிலில் மூக்குக் குழாயோடு கிடந்த கணீர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "அதோ மாத்திரை வச்சுக்கிட்டு நிக்கறாங்களே, அவங்க நடிப்பாங்க. எனக்கு அம்மாவாவே நடிச்சவங்க."

சொன்னபோது அதில் பெருமைதான் இருந்தது. தவிர, சீக்கிரம் முடிந்தால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்.

அவள் மறுக்கவில்லை. அதுதான் அவருக்கு முதல் ஆச்சரியம். தாளை வாங்கி ஒருமுறை படித்தாள். தம்பியின் மார்பில் விழுந்து கதறுவதாக எழுதியிருந்தது. அவள் எழுத்தாளரைத் தேடிப்பிடித்து, "இத்தனை வருஷம் ஆஸ்பத்திரியில இருந்தேன் சார். முதல் நாள்தான் கதறுவாங்க. அப்புறம் வர்றவங்க கட்டில் பக்கத்துல உக்காந்து வீட்டு விஷயம்தான் பேசுவாங்க. அப்படிப் பண்ணிப் பாக்கட்டுமா?" என்று கேட்டாள். எழுத்தாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பண்ணுங்கம்மா. நானும் பாக்கறேன்" என்றார்.

கண்ணை மூடிக் கிடந்த கணீருக்குக் காலடிச் சத்தம்தான் முதலில் கேட்டது. முழங்கால் வலிக்கிறவளின் நடை. நாற்காலி இழுபட்டது. யாரோ அவர் போர்வையின் ஓரத்தைச் சரிசெய்தார்கள்.

"தண்ணி மோட்டார் மறுபடியும் ரிப்பேருடா" என்றாள் அக்கா. "உன்னை மாதிரியே சத்தம் மட்டும் பலமா வருது, தண்ணி வரல. நீ இருந்தா ஒரு தட்டுத் தட்டி சரி பண்ணிடுவே. நான் யாரைப் போய்க் கூப்பிடுவேன்? சின்ன வயசுல இருந்தே நீ பேசுவே, நான் கேப்பேன். இப்ப நான் பேசறேன். பழக்கமே இல்லடா எனக்கு."

அவ்வளவுதான். அழவில்லை, கையைப் பிடிக்கவில்லை. கணீருக்கு அது யாருடைய வசனம், யாரைப் பற்றிய வசனம் என்று ஒரு கணம் குழம்பிவிட்டது. மூடிய கண்ணிலிருந்து நீர் காது வரைக்கும் வழிந்தது. துடைக்க முடியாது, கோமா. இயக்குநர் 'கட்' சொல்லவே இல்லை.

அந்தக் காட்சியை ஜனங்கள் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். சேனலிலிருந்து உத்தரவு வந்தது: அக்கா தினமும் வந்து தம்பியிடம் பேச வேண்டும். ஆகவே தம்பி எழுந்திருக்கக் கூடாது. மாதங்கள் ஓடின. காலையில் கணவனும் மனைவியும் ஒரே வேனில் ஏறிப் போவார்கள். அவளுக்குப் பக்கம் பக்கமாக வசனம், அவருக்குக் கட்டில். கடைவீதியில் இப்போது ஜனங்கள் அவரைத் தாண்டிப் போய், "அக்கா, நல்லா இருக்கீங்களா?" என்று அவளைக் கேட்டார்கள். அவருக்கு வயிறு எரிந்தது. எரிந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் விடியற்காலையில் எதிர் வசனம் படித்துக்கொடுக்க அவர்தான் உட்கார்ந்தார். "இவ்வளவு நாள் ஏம்மா சும்மா இருந்தே?" என்று ஒருநாள் கேட்டேவிட்டார். அவள் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், "யாரும் கேக்கல" என்றாள்.

கடைசியில் கதையை நகர்த்தியாக வேண்டிய கட்டம் வந்தது. எழுத்தாளர் தேநீர்க் கோப்பையோடு கட்டிலின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சார், உங்களை எழுப்பிடலாம்னு சேனல்ல சொல்றாங்க. ஆனா தம்பி எழுந்துட்டா அக்கா ஊருக்குத் திரும்பிடணும். இல்லன்னா... தம்பி போயிடணும், அக்கா அந்தக் குடும்பத்தை எடுத்து நடத்தணும். நீங்க என்ன சொல்றீங்க?"

கணீர் முதலில், "அன்னைக்கு உங்க அப்பாவைப் பத்திப் பேசினேன். தப்பு" என்றார். எழுத்தாளர் தலையை மட்டும் அசைத்தார். கணீர் மூக்குக் குழாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு, "கொன்னுடுங்க" என்றார். "ஆனா நல்ல சாவாக் குடுங்க."

விஷயம் தெரிந்ததும் அவள் வேனுக்குள்ளேயே பிடித்துக்கொண்டாள். "என்னைக் கேக்காம நீங்க எப்படிச் சாகலாம்?"

"உனக்காகத்தாம்மா."

"அன்னைக்கு நான் மேடையை விட்டப்பவும் நீங்கதான் முடிவெடுத்தீங்க. இன்னைக்கு நான் நடிக்கறதுக்கும் நீங்கதான் முடிவெடுக்கறீங்க. எப்பதான் என்கிட்ட கேப்பீங்க?"

ஓட்டுநர் பாட்டை நிறுத்திவிட்டுக் கண்ணாடியில் பார்த்தார். வேன் சந்து திரும்பியதும் கணீர் கேட்டார்: "சரி, கேக்கறேன். நான் சாகட்டுமா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பை அடக்கியதில் தோள் குலுங்கியது. "செத்துத் தொலைங்க. எனக்கு நடிக்கணும்" என்றாள்.

நன்றாகவே செத்தார். வசனம் கிடையாது. கண்ணைத் திறந்து அக்காவை ஒருமுறை பார்த்து மூடினார். ஒலிப்பதிவாளர் ஓடிவந்து கட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஐந்தாறு மாதம் போன் அடிக்கவே இல்லை. வீட்டில் எரிந்து விழுந்தார், சமைத்தார், கருகவிட்டார், சமையல் ஓரளவுக்குக் கைவந்தது. இப்போது வேறொரு தொடரில் வக்கீலாக நடிக்கிறார். அவளுடைய படப்பிடிப்பு நடக்கும் அதே வளாகம், எதிர்த்த தளம். அவள் இன்னும் அந்தக் குடும்பத்தை நடத்திக்கொண்டிருக்கிறாள். சாப்பாட்டு வேளையில் இருவரும் மேக்கப்போடு மரத்தடிப் பெஞ்சில் உட்காருவார்கள். அன்றைய தாளை நீட்டி, "இந்த வசனத்தைப் பாரும்மா, எந்த வக்கீல் இப்படிப் பேசுவான்?" என்று அவர் ஆரம்பிப்பார். அவள் வாங்கிப் படித்துவிட்டு, "நீங்க பேசிப் பாருங்க முதல்ல" என்பாள்.