கலப்பில்லாத பெட்ரோல் போடுகிறவர்

டாக்ஸி ஸ்டாண்டில் அவருக்குச் ‘சுத்தம்’ என்று பெயர். ஆள் மடிப்புக் கலையாமல் திரிவதால் வந்த பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். கழுத்துப் பட்டையில் வியர்வைக் கோடு விழுந்த சட்டையையே மறுநாளும் மாட்டிக்கொண்டு வருகிற மனிதர். அவர் வண்டிக்குப் போடுகிற பெட்ரோல்தான் சுத்தம். எத்தனால் என்கிற சாராயச் சரக்கு ஒரு சொட்டுகூடக் கலக்காதது. ஆஸ்பத்திரி சாலையில் இருக்கிற பங்க்கில் மட்டும்தான் கிடைக்கும். விலையும் அதிகம்.

“வந்துட்டாருய்யா சுத்தம்! வண்டிக்குப் பாலும் பழமும், டிரைவருக்கு வெறும் டீ!” என்று ஸ்டாண்டே சிரிக்கும்.

“சிரிங்கய்யா, நல்லா சிரிங்க. நடுரோட்டுல நின்னு பார்த்தவனுக்குத்தான் தெரியும்” என்பார்.

அவர் நின்று பார்த்தவர். ஏறுகிற சவாரி ஒவ்வொன்றுக்கும் அந்தக் கதை இலவசம். முன்பெல்லாம் அவரும் கலப்புப் பெட்ரோல்தான் போட்டார். வண்டியோ அரதப் பழசு. ஒருநாள் மத்தியானம் பாலத்து ஏற்றத்தில் பொசுக்கென்று நின்றுபோனது. பெட்ரோல் போகிற ரப்பர் குழாய் ஊறி, கொழகொழத்து, வெடித்திருந்தது. “சாராயத்தைக் கலந்து ஊத்தினா குழாய் என்ன சார் பண்ணும்? குடிகாரன் குடல் மாதிரி ஆயிடுச்சு!” சவாரி சிரித்ததும் கதையை அங்கேயே முடித்துவிடுவார்.

அன்றைக்கு வண்டியின் பின்சீட்டில் மூச்சு வாங்கியபடி மனைவி படுத்திருந்தாள் என்பதை மட்டும் அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார் டாக்டர். இது ஒருநாளில் வந்ததில்லை, வருஷக்கணக்காக உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே வந்தது என்றும் சொன்னார். முதலில் சொன்னது மட்டும்தான் அவர் காதில் ஏறியது.

மனைவியின் தம்பி மெக்கானிக். குழாய்களையெல்லாம் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போட்டுக் கொடுத்தான். “இது எத்தனால் தாங்குற குழாய், மாமா. மாசக்கணக்கா ஷெட்டுல கெடக்குற வண்டின்னா சரி, கலப்புப் பெட்ரோல் தண்ணி இழுக்கும், நல்லதைப் போடுறதுல நியாயம் இருக்கு. உங்க வண்டி தினமும் ஓடுது. மைலேஜ் துளி கூடும், அவ்வளவுதான். எதுக்கு இந்தத் தண்டம்?”

“தண்டமா? உங்க அக்கா ஏறுற வண்டிடா இது!”

தம்பி ஸ்பேனர்களைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். வேறென்ன செய்வான்?

கூடுதல் விலை எங்கிருந்தாவது வந்தாக வேண்டுமே! சாயங்காலம் இன்னொரு சவாரி ஓட்டினார். பிறகு அதற்குமேல் இன்னொன்று. அந்தச் சவாரிகளுக்கும் பெட்ரோல் எரிந்தது, அதுவும் அதே உசத்திப் பெட்ரோல். வீடு திரும்பும்போது மனைவி தூங்கியிருப்பாள். தட்டால் மூடி வைத்ததை எடுத்துத் தின்றுவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுப்பார். ஒரே வீட்டில் ஷிஃப்ட் மாற்றிக் குடியிருப்பவர்கள்போல இருந்தார்கள். கேட்டால், எல்லாம் அவளுக்காகத்தான்.

டயாலிசிஸ் நாட்களில்தான் டேங்கை நிரப்புவது. பங்க்கில் வண்டியை நிறுத்தியதும், பர்ஸை அவள் மடியில் போட்டுவிட்டுக் குழாயடிக்குப் போவார். தூக்கம் கலைய முகத்தில் தண்ணீரை அறைந்துகொள்வார். அதற்குள் அவள் ஜன்னல் வழியாகப் பணத்தைக் கொடுத்து முடித்திருப்பாள். வருஷக்கணக்கான வழக்கம் இது. திரும்பி வந்து கியரைப் போட்டதும் ஆரம்பிப்பார்: “பார்த்தியா, வெண்ணெயில கத்தி எறங்குற மாதிரி போகுது! கலப்பு ஊத்தியிருந்தா இந்நேரம் இருமியிருக்கும்.”

“ஆமாங்க” என்பாள் அவள்.

கொஞ்ச நாளில் அந்தப் பெட்ரோல் இன்னும் விலை ஏறியது. அந்த வாரம், அவளை டயாலிசிஸுக்கு விட்டுவிட்டு ஒரு தூரத்துச் சவாரியை ஏற்றினார். முடிகிற நேரத்துக்கு வந்துவிடலாம் என்று கணக்கு. எங்கே வர? போன இடத்தில் ஏகப்பட்ட நெரிசல்.

அவர் வந்து சேர்ந்தபோது மற்ற நோயாளிகள் எல்லோரும் போயிருந்தார்கள். துடைப்பக்காரம்மா அவர் மனைவியைக் காலைத் தூக்கச் சொல்லித் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பெஞ்சில் சாய்ந்திருந்தவளின் முகம் வெளிறிக் கிடந்தது. அவளைக் கைத்தாங்கலாக வண்டிக்குக் கூட்டி வந்தார்.

வண்டியில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் அவள் கேட்டாள்: “வண்டி எப்படிங்க ஓடுது?”

“அதுக்கென்ன, ஜம்முனு ஓடுது. சுத்தமான பெட்ரோல்...”

“சாதாரணப் பெட்ரோல்தாங்க. நாலஞ்சு மாசமா நான்தான் அதை ஊத்தச் சொல்றேன். நீங்க முகம் கழுவப் போறப்போ.”

வண்டியை ஓரம் கட்டினார். “உனக்கென்ன பைத்தியமா? நடுவழியில நின்னிருந்தா?”

“நின்னுச்சா?”

இத்தனை மாதம் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, வெண்ணெய், கத்தி என்று பேசியதெல்லாம் நினைவுக்கு வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அதற்குப் பின்னால் வந்ததுதான் பெரிய அடி. அப்படியானால், குழாய் மாற்றிய நாளிலிருந்து ஓடிய அத்தனை சாயங்காலமும் வீண்தானா?

“மிச்சம் பிடிக்கச் செய்யலீங்க, மிஞ்சின காசை அப்படியே தனியா வெச்சிருக்கேன். வண்டி நிக்காதுன்னு உங்களுக்குக் காட்டணும்னு செஞ்சேன். சொன்னா நம்ப மாட்டீங்க. எனக்கு எவ்வளவு நாள் இருக்கோ தெரியாது. அதையும் சவாரியிலயே ஓட்டிடாதீங்க.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “என் கிட்னி உங்க பெட்ரோலால போகலீங்க.”

ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அந்த மனுஷன் அழுதார். அவள் தடுக்கவில்லை. கையில் ஊசி போட்ட இடத்துக் கட்டைப் பிடித்தபடி, அவர் அழுது முடிக்கும்வரை காத்திருந்தாள்.

அடுத்த முறை பங்க்கில் அவர் இறங்கவில்லை. “சாதாரணமே ஊத்துப்பா” என்றார். ஊற்றுகிறவன் குனிந்து அந்தம்மாவைப் பார்த்தான். அவள் தலையாட்டினாள்.

அன்று சவாரிக்குப் போன் வந்தபோது முடியாது என்றார். வெயில் இறங்குமுன் வீட்டில் இருப்பது அவருக்குப் பழக்கமே இல்லை. கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு, பஸ்ஸுக்கு நிற்கிறவர்போல விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

“என்ன, பேச ஒண்ணும் இல்லையா?” என்றாள் படுத்தபடியே.

“என்னத்தப் பேச?”

“அந்தப் பாலத்துக் கதையைச் சொல்லுங்க. ஊர்ல ஏறுறவன் எறங்குறவனுக்கெல்லாம் சொன்னீங்க. எனக்குச் சொன்னதில்லையே.”

“உனக்கு எதுக்கு? நீதான் அன்னைக்கு வண்டியில இருந்தியே.”

“ஆமா, இருந்தேன். கதவோரமா தோளைக் கொடுத்து, ஒரு கையில ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு, அழுதுக்கிட்டே தள்ளினீங்க. ஏத்தத்துல தன்னந்தனியா. நான் பார்த்துக்கிட்டே வந்தேன். இவர் நம்மள விட்டுட மாட்டாருன்னு அன்னைக்குத்தான் எனக்குப் பயமே போச்சு.”

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வண்டி நின்ற கதையாகவே அதை இத்தனை வருஷம் சொல்லி வந்திருக்கிறார்.

“சரி, சொல்லுங்க” என்றாள்.

“அன்னைக்கு மத்தியானம் சரியான வெயில்...” என்று ஆரம்பித்தார்.