பேர் இருந்தது, வருஷம் இல்லை

மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்தது. அப்போது திருவனந்தபுரத்தில், பழைய ஆவணங்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றும் ஒரு சின்னக் குழுவில் இருந்தேன். ஆரியசாலையில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு மேலே எங்கள் அறை. மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே வேலை பார்ப்போம்.

மலைமேல் இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து பழைய வருகைப் பதிவேடுகள் மூட்டை மூட்டையாக வந்தன. அட்டையெல்லாம் எப்போதோ உதிர்ந்து, வெறும் தாள்கள். தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளிகளின் பெயர், எதிரே கைரேகை. படங்களின் ஓரமெல்லாம் கறையும் அழுக்குமாக இருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. ஓரத்தைத் தானாகவே வெட்டித் தரும் வசதி அந்த மென்பொருளில் உண்டு. தட்டிவிட்டேன். எல்லாப் பக்கமும் பளிச்சென்று ஆயின. இடத்தை அடைக்கிறதே என்று வெட்டாத படங்களையும் அழித்தேன். நாங்கள் திருப்பி அனுப்பிய தாள்களை என்ன செய்வது என்று தோட்டத்து ஆபீசிலிருந்து போனில் கேட்டபோது, "எல்லாம் கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்கு, இனி அது வேண்டாம்" என்று சொன்ன புண்ணியவதியும் நானேதான். தாள்கள் பழைய பேப்பர் கடைக்குப் போயின. விழா வைத்து எனக்குப் பொன்னாடை வேறு போர்த்தினார்கள்.

அடுத்த வருஷம், அந்தத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளும் ஓர் அம்மா மகளோடு வந்தார். மகளுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. ஆனால் சாதிச் சான்றிதழ் வேண்டும். அதற்கு, குடும்பம் குறிப்பிட்ட வருஷத்துக்கு முன்பே இங்கே குடியேறியது என்று காட்ட வேண்டும். தேடினோம். ஒரு நிமிஷத்தில் அந்த அம்மாவின் தாத்தா பெயர் வந்துவிட்டது, கைரேகையோடு. அவர் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிரிண்ட் எடுத்துக்கொண்டு, சான்றிதழ் தரும் தாலுகா ஆபீசுக்கு நானும் கூடவே போனேன்.

கிளார்க் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேரு உண்டு. வருஷம் எவிடே மேடம்?"

பிரிண்டை வாங்கிப் பார்த்தேன். வருஷத்தைப் பக்கத்தின் மேல் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருப்பார்கள். என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதைத்தான் ஒவ்வொரு பக்கத்திலும் வெட்டித் தள்ளியிருந்தேன்.

"இருந்தது சார், நான் பார்த்தேன்" என்று கெஞ்சினேன்.

"மேடம் கண்டதை ஃபைல்ல வைக்க பற்றுமா?" என்றார், நான் கண்ணால் பார்த்ததை ஃபைலில் வைக்க முடியுமா என்று. அவர் மேல் தப்பில்லை.

வெளியே வந்ததும் அந்த அம்மா, "அசல் தாளக் காட்டினா போதும்லா மேடம்? எங்க தோட்டத்துலதான கெடக்கும்?" என்றார். பேப்பர் கடைக்குப் போய்விட்டதைச் சொன்னேன். போடச் சொன்னதே நான்தான் என்று சொல்ல மட்டும் நாக்கு எழவில்லை. "போட்டும் மேடம், எங்களுக்காவ இவ்வளவு அலைஞ்சீங்களே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கடைசித் தேதி போயிற்று, சீட்டும் போயிற்று. அந்தப் பெண்ணும் இப்போது கொழுந்து கிள்ளத்தான் போகிறாளாம். அவர்கள் தாத்தாவை உலகமே பார்க்கும்படி ஏற்றி வைத்த நான், அந்தக் குடும்பத்துக்கு மட்டும் அவர் உதவாமல் போகும்படி செய்துவிட்டேன்; அதையும் சொல்லாமல் நன்றியை வாங்கிக்கொண்டு நின்றேனே, அதை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.