இழுக்கத் தெரிந்த வண்டி

ரயில்வே கேட் மூடியிருந்தது. சைக்கிளை ஒரு காலால் தாங்கிக்கொண்டு நின்றபோது என் வலது பக்கம் ஒரு வீடு வந்து நின்றது. வீடு என்றால் வீடேதான். பலகைச் சுவர், தகரக் கூரை, சன்னல், சன்னலுக்குத் திரை. கீழே இரண்டு ரப்பர் சக்கரம். முன்னால் ஒரு கார் அதைக் கொக்கி போட்டு இழுத்து வந்திருந்தது. கொடைக்கானலுக்குப் போகும் வெள்ளைக்காரக் குடும்பம் போலிருக்கிறது. திரை விலகியிருந்தது. உள்ளே ஒரு வயதான அம்மாள் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து நுங்கு தின்றுகொண்டிருந்தார். படுத்தபடியே அவர் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார்.

கேட் திறந்து, பின்னாலிருந்த மாட்டுவண்டிக்காரர் "ஏலே, தூங்குறியா?" என்று கேட்ட பிறகுதான் நகர்ந்தேன். எதற்காகக் கடைத்தெருவுக்குப் புறப்பட்டேன் என்பது மறந்துவிட்டது. நேரே வீட்டுக்குத் திரும்பினேன்.

எங்கள் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தவர். எலும்பு ஒருவிதமாகக் கூடிவிட்டது. ஆனால் உட்கார முடியாது. படுக்கலாம், ஒருக்களிக்கலாம், அவ்வளவுதான். அதற்கு முன்பெல்லாம் வருஷம் தவறாமல் ஆவணியில் வேளாங்கண்ணிக்குப் போவோம். கூண்டு வண்டியில், எங்கள் தெருக்காரர்கள் நாலைந்து வண்டி சேர்ந்து, வழியெல்லாம் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு. அம்மா விழுந்த பிறகு யாருமே போகவில்லை. ரயிலில் போகலாமே என்று அக்கா ஒருமுறை சொன்னாள். பலகையில் வைத்து நாலு பேர் தூக்கினால் திருச்சியில் வண்டி மாற்றிவிடலாம். அம்மா சிரிக்காமல் சொன்னார்: "நாலு பேரு தூக்கிட்டுப் போறதுக்கு நான் இன்னும் சாகல."

அதற்குப் பிறகு அந்தப் பேச்சு இல்லை. வேளாங்கண்ணியில் கொடியேறும் நாளில் மட்டும் அம்மா மத்தியானச் சாப்பாட்டை வேண்டாம் என்பார்.

அன்று சாயங்காலம் அய்யாவிடம் பேசத் தயாராக வாதங்களை வரிசைப்படுத்திக்கொண்டு போனேன். அய்யா என்றால் என் அப்பா. அவர் நத்தம் தோப்புகளில் புளி வாங்கி டவுனுக்குக் கொண்டுவந்து விற்பவர். அவருடைய வண்டியும் மயிலைக் காளை ஜோடியும்தான் எங்கள் பிழைப்பு. காளை பார்த்து வாங்குவதில் அவர் பேர் வாங்கியவர். வடமதுரையிலிருந்துகூட ஆள் வந்து சந்தைக்கு அழைத்துப் போவார்கள். அவரிடம் போய், ஒரு பழைய மோட்டார் வண்டி வாங்கலாம், அதற்குப் பின்னால் ஒரு அறையைக் கட்டி இழுக்கலாம், வருஷமெல்லாம் அதே வண்டியில் புளி ஏற்றலாம் என்று ஆரம்பித்தேன்.

"அம்மா படுத்துக்கிட்டே போகலாமா?" என்றார்.

"போகலாம்யா."

"அப்ப காளையக் குடுத்திருவோம்."

என் வாதங்களில் ஒன்றைக்கூட அவர் கேட்கவில்லை. ஒன்றாவது செலவாகியிருந்தால் எனக்கு இன்றைக்கு இவ்வளவு உறுத்தாது. அடுத்த சந்தையில் காளைகள் வடமதுரைக்காரர் ஒருவர் கைக்குப் போயின. அய்யா வெறும் கையோடு நடந்து வந்து, "சீக்கிரம் வண்டியப் பாரு" என்றார். நான் அன்று இரவெல்லாம் புதுக் கயிறு சுற்றிவிட்ட பம்பரம் மாதிரி சுற்றிக்கொண்டிருந்தேன். சந்தோஷத்தில்தான். அதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

திருச்சி ரோட்டில் ஒரு கொட்டகை இருந்தது. பட்டாளம் கழித்துப் போட்ட வண்டிகளை வாங்கி, தட்டி, பெயிண்ட் அடித்து விற்கிற இடம். நானும் அய்யாவும் மச்சானும் போனோம். மச்சான் என் அக்கா வீட்டுக்காரர், லாரி ஓட்டுகிறவர். கொட்டகைக்காரர் ஒட்டன்சத்திரம் பக்கத்து ஆள்.

"வாங்க, உக்காருங்க. என்ன மாதிரி வண்டிங்க வேணும்?"

"இழுக்கிற வண்டி" என்றார் அய்யா.

"எல்லா வண்டியும் இழுக்கத்தானுங்க இருக்குது."

"பாரம் ஏத்துறதுக்கு மட்டுமில்லப்பு. பின்னாடி ஒரு வீட்டக் கட்டி இழுக்கணும்."

கொட்டகைக்காரர் மச்சானைப் பார்த்தார். மச்சான் வானத்தைப் பார்த்தார். "உள்ளே எங்கம்மா படுத்திருப்பாங்க" என்று நான் விளக்கினேன்.

"அப்படிங்களா. அப்பச் சரிங்க" என்றார் அவர், எல்லாம் புரிந்துவிட்ட மாதிரி.

பின்பக்கம் திறந்த வண்டிகள் இரண்டு நின்றன. ஒன்று நீலம், பெயிண்ட் பளபளவென்று. மற்றது பட்டாளப் பச்சை, மூக்கு நீண்டு, தடித்த டயர்களோடு, பின்னால் கட்டைவிரல் கனத்தில் கொக்கியோடு. அய்யா இரண்டையும் சுற்றி வந்தார். நீலத்தின் முன் தகட்டில் தட்டிச் சரிசெய்த நெளிவைக் கையால் தடவி, "இது முட்டுற மாடு" என்றார். பச்சைக்குள் எட்டிப் பார்த்து, "இதுக்கு வயசு என்ன, பல்லுப் பாக்க வழியில்லையா?" என்று கேட்டார்.

"மீட்டர் இருக்குதுங்க. ஆனா ஓடறதில்லீங்க."

"பல்லப் புடுங்கிட்டுல்ல சந்தைக்குக் கொண்டாந்திருக்காக."

மச்சான் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இஞ்சின் மூடியைத் தூக்கி, ரேடியேட்டரைப் பார்த்து, எண்ணெயை விரலில் தொட்டு முகர்ந்து, எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்துகொண்டிருந்தேன்.

அய்யாவுக்கு வேறு சோதனை தேவைப்பட்டது. காளை வாங்கும்போது மூட்டை ஏற்றிய வண்டியில் பூட்டி, வண்டிச் சக்கரத்தைக் கயிற்றால் கட்டிவிட்டு ஓட்டச் சொல்வார்கள். உருளாத வண்டியை எந்த ஜோடி இழுத்துக்கொண்டு போகிறதோ அதுதான் மாடு. கொட்டகையில் பழைய இரும்பு ஏற்றிய கட்டை வண்டி ஒன்று நின்றது. அதன் சக்கரங்களைக் கட்டினோம். நீலம் அலறியது, புகை விட்டது, அதன் சக்கரம்தான் மண்ணில் சுற்றியது. பச்சை மூக்கைச் சற்றுத் தாழ்த்தி உறுமிவிட்டு மெதுவாக நகர்ந்தது. கட்டிய சக்கரங்கள் மண்ணைக் கீறிக்கொண்டு பின்னாலேயே வந்தன. அய்யாவின் முகத்தில் காளைகள் போனதிலிருந்து பார்க்காத ஒரு வெளிச்சத்தைப் பார்த்தேன்.

மச்சான் பச்சையை ரோட்டில் ஓட்டிப் போய் வந்தார். "பிரேக்கும் நச்சுன்னு புடிக்குது மாப்ளே" என்றார். இதற்கு மேல் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

விலை பேசும் நேரம் வந்தபோது அய்யா தோளிலிருந்த துண்டை எடுத்துத் தன் கைமேல் போட்டார். கொட்டகைக்காரர் ஒரு கணம் விழித்துவிட்டு, துண்டுக்கடியில் கையை நுழைத்தார். அவரும் சந்தை கண்டவர்தான். துண்டுக்குள் விரல்கள் பேசின. ஒருவர் தலையை ஆட்டினார், மற்றவர் உதட்டைப் பிதுக்கினார், பிறகு இருவரும் ஒன்றாகக் கையை எடுத்தார்கள். அந்த வண்டிக்கு என்ன விலை என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால் அய்யா, "ஒனக்கெதுக்கு?" என்பார். தெரிந்திருந்தால் இவ்வளவுதானே என்றாவது மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். தெரியாததால் அது ஒவ்வொரு நாளும் கூடிக்கொண்டே போகிறது.

அறையை நானே கட்டினேன். பழைய லாரி அச்சில் சட்டம் பூட்டி, நத்தத்திலிருந்து வந்த மாம்பலகையை அறைந்தேன். அம்மாவின் பழைய சின்னாளப்பட்டிச் சேலையைக் கிழித்துச் சன்னல் திரையாக்கினேன். குலுங்காமலிருக்கக் கட்டிலை நாலு மூலையிலும் கயிறு கட்டித் தொட்டில் மாதிரித் தொங்கவிட்டேன். அதைப் பற்றி எனக்கு அளவுகடந்த பெருமை. அம்மாவைத் தூக்கி உள்ளே படுக்கவைத்தபோது, இடது பக்கம் ஒருக்களித்துச் சன்னலைப் பார்த்தபடி, "மாவடு ஜாடியக் கால்மாட்டுல வையி, பயணத்துக்கு ஆகும்" என்றார். அன்றைக்கு வெள்ளோட்டம்தான், நத்தம் ரோட்டில் கொஞ்ச தூரம் போய்த் திரும்புவோம் என்று சொன்னோம். அவர் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஏற்றமெல்லாம் பச்சை சிரிக்காத குறையாக ஏறியது. பிறகு ஓர் இறக்கம் வந்தது. கீழே தரைப்பாலம். மச்சான் பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்கப் பார்த்தது. பின்னாலிருந்த வீடு நிற்கவில்லை. வண்டியின் முதுகில் இடித்துத் தள்ளிக்கொண்டே வந்தது.

"மாப்ளே, வீடு தள்ளுது" என்றார் மச்சான், குரலை உயர்த்தாமல். பாலத்துக்குச் சற்று முன்னால் இடதுபக்கம் உழுது கிடந்த கடலைக்காட்டுக்குள் திருப்பினார். புழுதி மண்ணில் சக்கரம் புதைந்து நின்றோம். அறை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. நான் ஓடிப்போய்க் கதவைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது:

"வந்துட்டமா?"

காட்டுக்காரர் மண்வெட்டியோடு வந்தார். சுற்றிப் பார்த்தார். "காட்டுக்குள்ள மாடு வரும், ஆடு வரும். வீடு வந்து இன்னிக்குத்தேன் பாக்குறேன்" என்றார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்ததும் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, "ஆத்தா, செத்த நேரம் பொறுங்க" என்று வீட்டுக்குத் தண்ணீர் எடுக்கப் போனார்.

அய்யா கொக்கிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். அவர் என்ன யோசித்தார் என்று எனக்குத் தெரியும், நானும் அதைத்தான் யோசித்தேன். இறக்கத்தில் காளைகள் காலை அகட்டிக் கழுத்தைப் பின்னுக்கு வைத்து வண்டியைத் தாங்கும். இழுப்பதும் தாங்குவதும் ஒரே கழுத்துதான். அதனால் இழுக்கிற மாடா என்று மட்டும் பார்த்தால் போதும், மற்றது தானாக வரும். எங்கள் வீட்டில் யாரும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்ததே இல்லை. மச்சானுக்கு லாரியில் பாரம் முதுகின் மேல்தான் இருக்கும், பின்னால் வந்து முட்டாது. நான் பள்ளிக்கூடத்தில், ஓடுகிற பொருள் ஓடிக்கொண்டே இருக்கப் பார்க்கும் என்ற பாடத்தை ஒப்பித்து மார்க் வாங்கியவன். அதே பாடம் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வருகிறது என்பது அந்தப் பாலத்தைப் பார்க்கும்வரை தோன்றவில்லை.

தொட்டில் கட்டில் ஆடி அம்மாவின் இடுப்பு பலகையில் மோதியிருக்கிறது. வலிக்கிறதா என்று கேட்டால், "ஒண்ணுமில்லப்பு, எனக்கு வலி புதுசா?" என்கிறார். ஆனால் இப்போது வலது பக்கம்தான் படுக்கிறார். வீட்டில் அந்தப் பக்கம் சுவர். ஆவணியைப் பற்றிக் கேட்பதில்லை.

போன சந்தையன்று வடமதுரைக்காரர் எங்கள் காளைகளை ஓட்டிக்கொண்டு வந்தார். அய்யாவைப் பார்த்ததும், வலப்பக்கம் பூட்டுகிற வலத்தை மாடு நின்றுவிட்டது. அய்யா அதன் கழுத்தில் கையை வைத்து, "இறக்கத்துல இவன நம்பி விடலாம்" என்று அந்த ஆளிடம் சொன்னார். நான் அங்கே நின்றிருக்க வேண்டாம்.

பத்து நாளாகத் திருச்சி ரோட்டுக் கொட்டகையிலேயே கிடக்கிறேன். அறையின் இரண்டு சக்கரங்களுக்கும் டயர் ரப்பர் ஒட்டிய மரக்கட்டைகள் பொருத்தியாகிவிட்டது. அறைக்கு முன்னால் நீளும் இரும்புத் தண்டை, கொக்கிக்குப் பின்னால் ஒரு சாண் முன்னும் பின்னும் நகரும்படி வெட்டிச் சேர்த்திருக்கிறேன். வீடு வண்டியைத் தள்ளினால் தண்டு உள்ளே போகும். உள்ளே போனால் கட்டை சக்கரத்தை அழுத்தும். எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவு பிடிக்க வேண்டும். சமதளத்தில் நானும் மச்சானும் கையால் தள்ளிப் பார்த்தோம், பிடித்தது. சமதளத்தில் என்னதான் பிடிக்காது என்றார் மச்சான். அதுவும் சரிதான்.

நேற்று அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். சுவரைப் பார்த்தபடியே கேட்டார். முடித்ததும், "இந்தத் தடவ நீ உள்ள படு. நான் வீட்ல இருக்கேன். வந்து சொல்லு, அப்புறம் வாரேன்" என்றார்.

வாரேன் என்றுதான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அதே இறக்கத்துக்குப் போகிறோம். மச்சான் ஓட்டுவார். அய்யா தரைப்பாலத்தில் நின்றுகொள்வதாகச் சொல்லியிருக்கிறார். கட்டிலில் நான் படுத்திருப்பேன், இடது பக்கம் ஒருக்களித்து, சன்னலைப் பார்த்து.